புளியமரத்தின் மேல் ஏழு பேர்

பிச்சைமுத்துவுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு போட்டோதான் இருந்தது. அதுவும் அவன் கையில் இல்லை. கள்ளக்குறிச்சிக் கடைவீதியில், கண்ணாயிரம் ஸ்டுடியோவின் கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு மொட்டைத்தலைக் குழந்தைக்கும் ஒரு கல்யாண ஜோடிக்கும் நடுவில் மாட்டியிருந்தது. சந்தைக்கு வரும் நாளெல்லாம் எதிர்ச்சாரியில் நின்று அதைக் கண்குளிரப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போவான்.

படம் சொல்லிக்கொள்ளும்படி இருக்கும். சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடக்கிற ஒரு பெரிய புளியமரம். அதன் மேல் வரிசையாக ஏழு பேர், பனியனும் டவுசருமாக, உடம்பெல்லாம் சேறு. நடுவில் உட்கார்ந்திருக்கிறவன் மடியில் பளபளவென்று ஒரு கோப்பை. அவன் தலையில் துண்டு, இடது கன்னம் இட்லி மாதிரி வீங்கியிருக்கிறது, அந்த வீக்கத்தையும் மீறி வாயெல்லாம் பல். அவன்தான் பிச்சைமுத்து. ஆனால் அதை வெளியே சொல்லக்கூடாது. அது ஊர்க் கட்டுப்பாடு.

ஏன் என்று சொல்கிறேன். எண்பத்தேழாம் வருசம் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் ஒரு கபடிப் போட்டி நடந்தது. கச்சிராயபாளையம் சாலையிலிருந்த பிச்சைமுத்துவின் ஊரும் பேர் கொடுத்திருந்தது. டீமின் செயலாளர் சின்னராசு. அவனும் ஆட்டக்காரன்தான், ஆனால் ஆட்டத்தைவிட ரப்பர் ஸ்டாம்புதான் அவனுக்கு உயிர். பதினைந்து நாளுக்கு முன்பே ஏழு பேரின் பெயரை எழுதி, ஸ்டாம்பு குத்தி, தபாலில் அனுப்பிவிட்டான். அனுப்பின பேரை மாற்றக்கூடாது என்பது மலைக்காரர்கள் விதி. புறப்படுகிற அன்று பார்த்து, ஏழாவது ஆள் அய்யனாருக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தான். அய்யனார் வீட்டுக் கரும்புக் கொல்லையில் வெட்டுக்குப் போகிற பிச்சைமுத்துவை அப்படியே கூட்டிக்கொண்டு மலை ஏறிவிட்டார்கள். பேர் மாற்றி ஆடுவது எந்த ஊர் டீமும் செய்யாததில்லை. யோக்கியன் மாதிரி பேசுகிறவனும் செய்திருப்பான், விசாரித்துப் பாருங்கள்.

மலையில் மைக்குக்காரன் 'அய்யனார், அய்யனார்' என்று மூன்று தடவை கூப்பிட்டும் பிச்சைமுத்து ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சின்னராசு இடுப்பில் குத்தின பிறகுதான் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று உறைத்தது. நடுவர், பாவம் காது கேட்காத பிள்ளை போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டார். அந்தப் பரிதாபமெல்லாம் அவன் கோட்டைத் தாண்டும் வரைக்கும்தான். கடைசி ஆட்டத்தில் ஒரே பாட்டில், மூச்சு விடாமல் கபடி சொல்லிக்கொண்டே, ஐந்து பேரைத் தொட்டான். ஆறாவது ஆளின் முழங்கை கன்னத்தில் இறங்கியது. கன்னம் வீங்க வீங்க, பாட்டை விடாமல், கோட்டில் வந்து விழுந்தான். மலையே அய்யனார் பேரைச் சொல்லிக் கத்தியது.

கோப்பையில் வெள்ளைப் பெயிண்டால் 17.9.87 என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் கீழே நாட்டில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியிருந்தது. முந்தின இரவே மரங்களை வெட்டிச் சாலைகளில் சாய்த்துவிட்டதால், விடிந்ததிலிருந்து எந்தச் சாலையிலும் பஸ் இல்லை. அந்த வாரத்தில் சில ஊர்களில் உயிரே போயிற்று. அதைத் தொட்டுச் சிரிக்க எனக்கு மனசில்லை. நான் சொல்ல வந்தது, அடுத்த நாள் ஒரு கடுக்காய் லாரியைத் தொற்றிக்கொண்டு மலையிறங்கி, கச்சிராயபாளையத்திலிருந்து மழையில் நடந்து வந்த ஏழு பேரின் கதை. கால் ஓய்ந்து போன இடத்தில் ஒரு புளியமரம் விழுந்து கிடந்தது. உட்கார்ந்தார்கள். அந்த வழியாக, ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்குப் படமெடுக்கப் போய், பஸ் இல்லாமல் இரண்டு நாளாகக் கல்யாண வீட்டில் மிஞ்சின சாம்பாரைச் சாப்பிட்டுச் சலித்துப்போன கண்ணாயிரம் கேமராப் பையோடு நடந்து வந்தார். ரீலில் ஒரு படம் மிச்சம் இருந்தது. எடுத்துவிட்டார்.

ஊர் திரும்பினதும் ஊர்க்கூட்டம் போட்டுத் தீர்மானம் ஆயிற்று. பேர் மாற்றி ஆடினது தெரிந்தால் மலைக்காரர்கள் கோப்பையைத் திருப்பிக் கேட்பார்கள். ஆகையால் வெளியூர்க்காரர் யார் கேட்டாலும் படத்தில் நடுவில் இருப்பது அய்யனார். போதாக்குறைக்கு, ஒரே பாட்டில் ஐந்து பேரைத் தொட்ட செய்தி மணலூர்பேட்டை வரை போய், அங்கே ஒரு கபடிப் பைத்தியம் தன் மகள் விஜயலட்சுமியை அய்யனாருக்குக் கொடுக்கத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். நிச்சயத்துக்கு முந்தின நாள் அய்யனார் ஒரு புது வேட்டியோடு பிச்சைமுத்துவின் குடிசைக்கு வந்து, வாயைத் திறந்துவிடாதே என்று கெஞ்சினான். பிச்சைமுத்து வேட்டியை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டான்.

அடுத்த வருசம் அவனுக்கும் தியாகதுருகம் பக்கத்திலிருந்து இருசம்மாள் வாக்கப்பட்டு வந்தாள். வந்த மூன்றாம் நாளே, கட்டுப்பாட்டைக் காற்றில் விட்டு, அந்தக் கோப்பை தான் ஜெயித்தது என்று அவளிடம் சொல்லிவிட்டான். அவள் அக்கம்பக்கத்தில் விசாரித்தாள். எல்லாரும் ஒரே வாயாக, அது அய்யனாரு என்றார்கள். வாக்கப்பட்டு வந்தவளும் வெளியூர்க்காரிதானே. சந்தைக்குப் போனபோது படத்தையே காட்டினான். அவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள். தலைப்பாகையும் சேறும் வீங்கின கன்னமும். பெத்த தாயே அடையாளம் சொல்ல முடியாத மூஞ்சி.

"இது யாரு மூஞ்சியா வேணா இருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து பிடித்தது கேலி. அந்தக் காலத்துப் பெண்டாட்டி புருசன் பேரை வாயால் சொல்லமாட்டாள். ஏங்க, இந்தாய்யா என்றுதான் கூப்பிடுவாள். இருசம்மாளுக்கு மட்டும் கூப்பிட ஒரு பேர் கிடைத்துவிட்டது. 'அய்யனாரே, தண்ணி எடுத்துக்கினு வா. அய்யனாரே, அஞ்சு பேர தொட்டியே, அந்த ஆட்ட தொட்டுக் கட்டு பாக்கலாம்.' அவள் சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பாகத்தான் வரும். படுத்த பிறகு வலிக்கும். ஊர் முழுக்கச் சொல்லாவிட்டால் போகிறது, இவள் ஒருத்தி நம்பினால் போதும் என்றிருக்கும்.

எண்பத்தொன்பதாம் வருசம். ஒதுக்கீடு வரும், வராது என்று டீக்கடைகளில் டம்ளர் உடைகிற அளவுக்குப் பேச்சு. அப்போது அந்தப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றுக்குப் புது எஸ்.ஐ. வந்தார். பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கக் கண்ணாயிரம் ஸ்டுடியோவுக்குப் போனவர், கண்ணாடிப் பெட்டி முன்னால் அப்படியே நின்றுவிட்டார். வெட்டின மரம், அதன் மேல் ஏழு பேர், சிரிப்பு, கோப்பை. மரம் வெட்டுவதற்குப் போட்டி வைத்து, அதற்குக் கோப்பையும் கொடுத்திருக்கிறார்கள் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். தன் வேலைக்காலத்தில் இப்படி ஒரு துணிச்சலைப் பார்த்ததில்லை என்று ஏட்டிடம் சொன்னாராம்.

படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். அதுவரைக்கும் சின்னசேலம் வரை குறைந்தது முப்பது பேர் அந்த ஏழு பேரில் ஒருவன் நான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். போலீஸ் கேட்கிறது என்று தெரிந்த சாயங்காலமே முப்பது பேரும் கபடி என்றால் என்ன என்று கேட்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள்.

கண்ணாயிரம் நடுங்கிப்போய்ச் சின்னராசுவைக் காட்டிக்கொடுத்தார். சின்னராசு மற்ற ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு, ஸ்டாம்பு குத்தின பட்டியலின் நகலையும் கோப்பையையும் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனான். மரம் விழுந்த அன்று நாங்கள் மலையில் ஆடிக்கொண்டிருந்தோம், கோப்பையிலேயே தேதி இருக்கிறது பாருங்கள் என்றான். எஸ்.ஐ. நிதானமான ஆள். பட்டியலில் ஒவ்வொரு பேராக வாசித்து, ஆளை நிறுத்தி, படத்தோடு ஒத்துப் பார்த்தார். ஆறு பேர் சரியாக இருந்தார்கள். ஏழாவது அய்யனார். அவனை வரவழைத்தார். துணைக்கு மணலூர்பேட்டை மாமனாரும் மீசையை முறுக்கிக்கொண்டு கூடவே வந்தார்.

அய்யனார் ஒல்லி, நல்ல உயரம். படத்தில் நடுவில் இருந்தவன் கட்டை குட்டை. கன்னம் வீங்கலாம், கால் குட்டையாகுமா என்று எஸ்.ஐ. கேட்டார். கேஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் அய்யனார் மாமனாரை மறந்து, நான் அந்த வாரமெல்லாம் காமாலையில் படுத்துக் கிடந்தேன், வைத்தியரைக் கேளுங்கள் என்று உளறிவிட்டான். மாமனாரின் மீசை இறங்கினதை அன்றைக்கு ஸ்டேஷனே பார்த்தது.

எஸ்.ஐ. பட்டியலை மேசைமேல் போட்டார். ஏழில் ஒரு பேர் பொய் என்றால் ஏழும் பொய், நீங்கள் மலைக்கே போகவில்லை, நடுவில் இருக்கிறவன்தான் மரத்தை வெட்டின தலைவன், அதனால்தான் மறைக்கிறீர்கள் என்றார். அந்த ஆள் யார் என்று விளக்கு வைப்பதற்குள் தெரியவேண்டும், இல்லாவிட்டால் ஆறு பேர்மேலும் கேஸ் எழுதிவிடுவேன் என்றார். சின்னராசு அப்போதும் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வழியில் போன யாரோ ஓர் ஆள் வந்து நடுவில் உட்கார்ந்துவிட்டான் என்றான். வழிப்போக்கன் மடியில் கோப்பையைக் கொடுப்பாயா என்று எஸ்.ஐ. கேட்டதற்கு அவனிடம் ஸ்டாம்பு எதுவும் இல்லை.

மத்தியானம், படத்தில் இல்லாததால் வெளியே விடப்பட்ட அய்யனார் மொபெட்டை வரப்பில் சாய்த்துவிட்டு, கரும்புக் கொல்லைக்குள் ஓடி வந்தான். பிச்சைமுத்து வெட்டிக்கொண்டிருந்தான். பின்னாலேயே இருசம்மாள் காய்ந்த சோகை இலையைக் கழித்துக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பிச்ச, போட்டோவுல நடுவுல இருக்கறவன்தான் மரம் வெட்டின தலைவன்னு எஸ்.ஐ. ஆறு பேரயும் புடிச்சி வெச்சிருக்காரு. நீ வந்து சொன்னாதான்டா அவுங்க தப்பிப்பாங்க. போட்டோவுல இருக்கறது நீதான்னு வந்து சொல்லு. மலையில அஞ்சு பேர தொட்டது நீதான்னு சொல்லு. உன் கால்ல வேணா வுழறேன்."

இருசம்மாளின் கையிலிருந்த கரும்புக்கட்டு அவிழ்ந்து சிதறியது. அய்யனாரைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். பிறகு அப்படியே சாலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். அய்யனார் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து இரண்டு அடி தள்ளி நின்றான்.

சிரித்து முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. அய்யனாரைப் பார்த்து, பெண் கட்ட வேண்டியபோது நீங்களாக இருந்தீர்கள், கேஸ் வந்ததும் இவராகிவிட்டாரா என்று கேட்டாள். புருசனைப் போகவே கூடாதென்றாள். அவன் பேர் பட்டியலில் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை, பேசாமல் இருந்தால் போலீஸ் இந்தப் பக்கமே வராது. போனால் தலைவன் என்று சொல்லி அவனை மட்டும் பிடித்துப் போட்டாலும் போட்டுவிடுவார்கள். அவள் சொன்னது அத்தனையும் நியாயம்.

பிச்சைமுத்து கத்தியைக் கரும்பில் கொத்தி நிறுத்தினான்.

"ரெண்டு வருசமா அது நான்தான்னு சொல்லத் துடிச்சினு இருந்தேன், கேக்க ஆளில்ல. இன்னிக்கு கேக்கறாங்க. இன்னிக்குப் போயி நானில்லன்னு இருந்துட்டா, அப்புறம் அது எப்பவுமே நானில்ல" என்றான்.

இருசம்மாள் சிதறின கட்டை அப்படியே போட்டுவிட்டு, தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டு, அவனுக்கு முன்னால் வரப்பில் நடந்தாள். மொபெட்டில் மூன்று பேர் போனார்கள். மூன்றாவது ஆள் அய்யனார்தான். பின்னால் தொங்கிக்கொண்டு வந்தான். யார் ஓட்டினது என்று கேட்காதீர்கள், பிச்சைமுத்து அதற்கு முன் மொபெட் ஓட்டினதில்லை.

ஸ்டேஷன் வாசலில் ஆறு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிச்சைமுத்துவைப் பார்த்ததும் சின்னராசு கண்ணை மூடிக்கொண்டான். கோப்பை போயிற்று என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"அது நான்தானுங்க ஐயா. மலையில ஒரே பாட்டுல அஞ்சு பேர தொட்டதும் நான்தானுங்க" என்றான் பிச்சைமுத்து.

எஸ்.ஐ. படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். உயரம் சரி. ஆனால் மூஞ்சி ஒத்து வரவில்லை. எதற்கும் ஒரு சாட்சி இருக்கட்டும் என்று, பெண்டாட்டியிடம் இந்த ஆள் பேர் என்ன என்று கேட்டார். இருசம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடி கேட்டார். கால் கட்டைவிரலால் தரையைக் கீறினாள். ஏட்டு பக்கத்தில் வந்து, புருசன் பேரைச் சொல்லமாட்டார்கள் ஐயா என்று விளக்கினார். பேர் தெரியாத புருசன், அடையாளம் தெரியாத மூஞ்சி, ஆளில்லாத பட்டியல் என்று எஸ்.ஐ. தலையில் அடித்துக்கொண்டார். பொய்க்குப் பதிலாக இன்னொரு பொய்யைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள், கூலிக்கார ஆளை மாட்டிவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறீர்கள் என்று அய்யனாரிடம் பாய்ந்தார்.

பிறகு அவருக்கே ஒன்று தோன்றியது. அவர் பட்டாலியனில் இருந்தபோது கபடி ஆடினவர்.

"ஒரே பாட்டுல அஞ்சு பேரத் தொட்டது நீதானே? அப்ப எங்களத் தொட்டுக் காட்டு" என்றார்.

ஸ்டேஷன் முற்றத்தில் லத்தியால் கோடு கிழித்தார்கள். ஒரு பக்கம் நான்கு கான்ஸ்டபிள்கள், பூட்ஸைக் கழற்றிவிட்டு, நடுவில் எஸ்.ஐ. மறுபக்கம் கரும்புச்சோகை கிழித்த கையோடு பிச்சைமுத்து. பஸ்ஸுக்கு நின்ற ஜனம் பஸ்ஸை விட்டுவிட்டுச் சுவர்மேல் ஏறிவிட்டது. அவன் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினான். குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இருசம்மாளைப் பார்க்கவில்லை. பார்த்தால் மூச்சைப் பிடிக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

பாட்டைத் தொடங்கினான். முதலில் சின்னதாக, கோட்டை ஒட்டி, பயந்தவன் மாதிரி. கான்ஸ்டபிள்களுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிறவனுக்குக் கால் தரையில் இருக்காது. இடது பக்கம் நின்ற ஒருவனின் முழங்காலைத் தட்டினான், திரும்பாமலேயே பின்காலால் இன்னொருவனைத் தொட்டான். மூன்றாவது ஆள் இடுப்பைப் பிடிக்கக் குனிய, அவன் முதுகில் கைவைத்துத் தாண்டினான். நான்காவது ஆள் தானே தடுக்கி விழுந்தான். விழுந்தவனையும் போகிற போக்கில் தொட்டு வைத்தான். எஸ்.ஐ. மட்டும் மிச்சம். அவர் பழைய ஆட்டக்காரர், கணுக்காலுக்குப் பாய்ந்தார், பிடித்தும்விட்டார். பிச்சைமுத்து விழுந்தான். பாட்டை மட்டும் விடவில்லை. கபடி, கபடி, கபடி என்று நெஞ்சால் மண்ணை உழுதுகொண்டு, அரசாங்கத்தையே காலில் இழுத்துக்கொண்டு, விரல் நுனியால் கோட்டைத் தொட்டான்.

சுவர் முழுக்க விசில். சுவர்மேல் நின்றுகொண்டிருந்த மணலூர்பேட்டை மாமனாரின் விசில்தான் எல்லாவற்றையும்விட நீளம்.

எஸ்.ஐ. எழுந்து, மீசை மண்ணைத் தட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு சிரித்தார். இவனைப் போட்டியில் விட்டால் கோப்பை கொடுக்காமல் வேறென்ன கொடுப்பார்கள், இவன் மலைக்குத்தான் போயிருக்கிறான், போங்கள் எல்லாரும் என்றார். ஸ்டேஷன் ரைட்டர் மட்டும் எதையாவது எழுதியாகவேண்டுமே என்று காகிதத்தை எடுத்தார். எழுதி முடித்து வாசித்துக் காட்டினார்: பதினேழு ஒன்பது எண்பத்தேழில் மலையில் கபடி ஆடியவர், அய்யனார் என்கிற பிச்சைமுத்து.

கைநாட்டு வைக்கப் போன பிச்சைமுத்து கையை இழுத்துக்கொண்டான்.

"முன்னாடி இருக்கற பேர அடிச்சிடுங்க ஐயா. அது அவுரு பேரு" என்றான்.

ரைட்டர் எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. தலையை ஆட்டினார். அடித்தார்கள்.

கோப்பை போய்விட்டது. விசயம் மலை ஏறினதும் வெள்ளிமலைக்காரர்கள் ஆளனுப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த முறை சொந்தப் பேரில் வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். சின்னராசு மூன்று நாள் சாப்பிடவில்லை. மாமனார் மகள் வீட்டுக்கு வந்தால் நேராகப் பிச்சைமுத்துவின் குடிசையில்தான் உட்காருகிறார். அய்யனார் அங்கே வந்து அவருக்கு டீ கொடுத்துவிட்டுப் போகவேண்டியிருக்கிறது. விஜயலட்சுமிக்கு அதில் வருத்தமில்லை. அவளுக்குக் கபடி எப்போதுமே பிடித்ததில்லையாம்.

படம் ஸ்டுடியோவுக்குத் திரும்பி வந்தது. இனி எந்த எஸ்.ஐ. வந்தாலும் குழப்பம் வேண்டாம் என்று கண்ணாயிரம் வெள்ளை அட்டை ஒட்டி, கீழே தேதியும் இடமிருந்து வலமாக ஏழு பேரும் எழுதிவிட்டார். அடுத்த சந்தை நாளில் பிச்சைமுத்து வழக்கம்போல எதிர்ச்சாரியில் நின்றான். அவனுக்கு எழுத்துத் தெரியாது. ஐந்தாவது வரைக்கும் படித்த இருசம்மாள் தெருவைத் தாண்டிப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று, ஒவ்வொரு பேராக எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் நின்றுவிட்டாள்.

அவன் காத்துக்கொண்டு நின்றான். அவள் சொல்லமாட்டாள், தாண்டி ஐந்தாவதுக்குப் போய்விடுவாள் என்று அவனுக்குத் தெரியும். அதில் தப்பொன்றும் இல்லை. அவள் சொல்லாவிட்டாலும் பேர் அங்கே இருப்பது இருப்பதுதானே என்று நினைத்துக்கொண்டு வெற்றிலைக் கடைப் பக்கம் திரும்பினான்.

"பிச்சைமுத்து" என்றாள் இருசம்மாள்.

கடைவீதிக்கே கேட்டது. வெற்றிலைக் கடைக்காரி வாயில் கைவைத்துக்கொண்டாள். மலையில் மூன்று தடவை மைக்கில் கூப்பிட்டும் திரும்பாதவன், ஒரே கூப்பாட்டில் திரும்பினான்.